பெட்டியில் ஒட்டிய பெயர்

பரிமாற்றத் திட்டத்தில் ஐந்து மாதம் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸுக்கு வந்த யதுர்சனுக்கு, மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் அருள்நேசனின் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. அருள்நேசன் மன்னார்க்காரர். உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். அவருடைய அகதி வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி, மேல்முறையீட்டில் நின்றது. விசாரணை நாள் பதிவுத் தபாலில் வரும். அன்றைக்குப் போய் நிற்காவிட்டால் வழக்கு முடிந்துவிடும்.

வந்த வாரமே பல்கலைக்கழக அலுவலகத்தில் யதுர்சனுக்குச் சொன்னார்கள்: தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கடிதம் வராது. அவன் பெயரை அச்சடித்து வெட்டிக்கொண்டு போனான். பெட்டியில் ஒரு பெயருக்குத்தான் இடம். மங்கிப்போயிருந்த அருள்நேசனின் பெயருக்கு மேலேயே ஒட்டினான். நான்கு வருடமாக வரும் தபால்காரருக்கு அண்ணையைத் தெரியாமலா போகும்? ஊரில் தபால்காரருக்கு எல்லாரையும் தெரியும்.

அன்றிலிருந்து பெட்டியைத் திறக்கும் வேலை அவனுடையது. மதிய வேலை முடிந்து அருள்நேசன் மூன்று மணிக்கு வருவார். வந்ததும் ஒரே கேள்வி.

"தம்பி, ஏதும் வந்ததே?"

"இல்லையண்ணை. எனக்கு பாங்க் கார்ட் வந்தது."

"உனக்கு மட்டும் ஓடி வருது. வெள்ளைக்காரனுக்கு உன்னிலைதான் காதல் போலை."

ஆறு வாரம் இப்படியே போனது. ஒரு புதன்கிழமை, படியைத் துடைத்துக்கொண்டிருந்த கட்டடக் காவலாளி ஷார்லோத்திடம் யதுர்சன், அருள்நேசனுக்குக் கடிதம் ஏதும் வந்ததா என்று வணக்கம் சொல்லாமலே நேரே கேட்டுவிட்டான்.

"போன்ஜூர்," என்றாள் அவள். அவன் திருப்பிச் சொல்லும்வரை அடுத்த வார்த்தை இல்லை. சொன்னான்.

"அவர் வீடு மாறிவிட்டார் அல்லவா?" என்றாள். "பெயரை எடுத்துவிட்டாரே. புதிய தபால்காரன் மூன்று கடிதத்தைத் திருப்பி அனுப்பினான். ஒன்று பதிவுத் தபால். போன மாதம்."

அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் போனாள்.

பெட்டியிலிருந்த தன் பெயரை நகத்தால் சுரண்டினான். அடியிலிருந்த தாளும் கூடவே கிழிந்தது. கொப்பியில் கிழித்த தாளில் இருவர் பெயரையும் எழுதி ஒட்டினான். இனி யாருக்குத் தெரியப்போகிறது? தபாலின் பிழை என்று அண்ணை நினைப்பார். வாயை மூடிக்கொண்டு இன்னும் மூன்று மாதம் இருந்தால் விமானம் ஏறிவிடலாம். மேலே போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். மின்தூக்கி ஏறி வரும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றான். அந்தக் கடிதத்தில் எந்த நாள் இருந்தது? அது கடந்துவிட்டதா?

மூன்று மணி. கதவு திறந்தது.

"ஏதும் வந்ததே?"

"வந்ததண்ணை. திரும்பிப் போயிட்டுது. உங்கடை பேருக்கு மேலை நான் என்ரை பேரை ஒட்டிப்போட்டன்."

அருள்நேசன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்று காலில், ஒன்று கையில்.

"எப்ப?"

"வந்த கிழமையே."

"ஆறு கிழமை," என்றார். "படிச்சனி எல்லே நீ." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் வழக்கறிஞரின் எண்ணை அழுத்தி, தொலைபேசியை அவன் கையில் திணித்தார். "நீயே கதை. எனக்குப் பிரெஞ்ச் வராது இப்ப."

செயலாளர் பெண் வழக்குக் கோப்பைத் தேடினாள். தாங்களும் கடிதம் போட்டதாகவும், அதுவும் திரும்பி வந்ததாகவும், ஆளைக் காணவில்லை என்று இருந்துவிட்டதாகவும் சொன்னாள். தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு நாளைச் சொன்னாள்.

"என்னவாம்?"

"நாளைக்கு. காலமை ஒன்பது மணிக்கு."

அருள்நேசன் கையிலிருந்த சப்பாத்தை மறுபடி காலில் மாட்டினார். கயிறு பிடிபடவில்லை. யதுர்சன் குனிந்து கட்டிவிட்டான்.

"கேள்," என்றார் அவர், "இண்டைக்கே வந்தால் வக்கீல் சந்திப்பாரோ எண்டு கேள்."

அவன் கேட்டான். மறுமுனையில் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள். காத்திருப்பு இசை ஒலித்தது. இருவரும் கதவருகே, புறப்படத் தயாராக நின்றார்கள்.