தூக்க முடியாத வேதப்புத்தகம்

ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து சுகாசினியின் வேதப்புத்தகத்தை யாராலும் தூக்க முடியவில்லை. முந்தின நாள் புத்தாண்டு ஆராதனைக்குக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்வந்த அதே புத்தகம்தான். விடிந்து பார்த்தால் மேசைக்கால் முறிந்திருக்க, அது தரையில் கிடந்தது. கணவன் ஜோசுவா இழுத்துப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எதிர்வீட்டு லாரிப் பட்டறை முருகேசன் ஜாக்கி கொண்டுவந்தார், ஜாக்கிதான் வளைந்தது. போதகர் ஜெபகுமார் எண்ணெய் பூசி ஜெபித்தார். புத்தகம் பக்கங்களைப் புரட்ட விட்டதே தவிர இடத்தை விட்டு நகரவில்லை. பட்டுப்புடவையைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்க்கும் காஞ்சிபுரமல்லவா, கொஞ்ச நாள் எடையைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். பொங்கல் வந்தது, விட்டுவிட்டார்கள்.

காரணம் சுகாசினிக்குத் தெரியும். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். கண்ணை மூடி எடுக்கும் வசனம்தான் வருஷம் முழுக்க அவரவருக்குத் தேவன் தரும் வாக்கு. கல்யாணமாகி ஒன்பது வருஷம், இரண்டு முறை தங்காமல் போன கர்ப்பம். பிள்ளைக்கான வசனம் வேண்டி உபவாசமிருந்து போனாள் சுகாசினி. கையில் வந்ததோ, தன் உள்ளத்தை ஆராய்ந்து பார்க்கும்படி தேவனையே கேட்கும் வசனம். அடப்பாவமே, இதில் என்ன வாக்குத்தத்தம்! பக்கத்தில் ஓரகத்தி ஜெயப்ரியா, கொழுந்தன் ஜான்சனின் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, அவளுக்கும் பிள்ளையில்லை. எடுத்த அட்டையை வீட்டில் போய்ப் படிக்கலாமென்று தன் வேதப்புத்தகத்துக்குள் செருகிவிட்டு அவள் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போனாள். சுகாசினி எட்டிப் பார்த்தாள். பிள்ளையில்லாதவளைத் தாயாக்கும் வசனம். கை தானாகப் போய் அட்டைகளை மாற்றிவிட்டது; தாயாக்கும் வசனம் சுகாசினியின் புத்தகத்துக்குள் வந்தது.

அதன்பின் தினமும் தரையில் முழங்காலிட்டுத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் உள்ளத்தை ஆராயும் அந்த வசனமுள்ள சங்கீதமே திறந்தது. அவளுக்கு வயசு இருக்குது, எனக்கு இருக்குதா என்று சுகாசினி ஆண்டவரிடம் வழக்காடினாள். அவள் ஒரு நியாயம் சொல்லும்போதெல்லாம் புத்தகம் சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது. ஜெயப்ரியாவோ தன்னிடமிருந்த வசனத்தை நம்பித் தினமும் உள்ளத்தைத் துழாவினாள். கிடைத்ததையெல்லாம் மாலையில் வந்து ஒப்பித்தாள். "அக்கா, உன் பாக்ஸ்ல இருந்த வடைய நான்தான் துன்னேன், மன்னிச்சிடு" என்பாள். சிரிப்பதா அழுவதா என்று சுகாசினிக்குத் தெரியவில்லை.

தவக்காலத்தில் ஒருநாள் ஜெயப்ரியா அழுது கண் வீங்கி வந்தாள். "உனக்கு முன்னாடி எனக்குப் புள்ள பொறந்துடணும்னு வேண்டிக்கினே இருந்தேன்க்கா. இன்னாத்துக்கு அப்டி வேண்டனேன்னே தெரியல."

சுகாசினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, எங்கிட்ட இருக்கிற புள்ள வசனமே உன்னுதுடி. நான்தான் திருடிட்டேன். ஆண்டவர் கையில ஒரே ஒரு புள்ளதான் இருக்குது, அத நீ வாங்கிக்கினு பூடுவேன்னு பயந்துட்டேன்டி."

ஜெயப்ரியா கையை உதறிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அந்த வீட்டில் முதன்முறையாகத் தனித்தனியாகச் சமையல் நடந்தது. மறுநாள் காலையில் சுகாசினி அட்டையை நீட்டியபோது ஜெயப்ரியா வாங்க மறுத்தாள். "நீயே வெச்சுக்கோ. எனக்கு எங்கிட்ட இருக்கிறதே பழகிடுச்சு" என்றாள். கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் பள்ளத்தில் கிடந்த புத்தகத்தைப் பார்த்ததும் குனிந்து ஒரு ஓரத்தைப் பிடித்தாள். "இன்னா பாத்துக்கினு நிக்கிற, அந்தப் பக்கம் புடி." சுகாசினி மறு ஓரத்தைப் பிடித்தாள். புத்தகம் எழும்பி வந்தது.

இன்றும் அப்படித்தான். ஒருத்தி தனியாகத் தூக்கினால் அசையாது. இருவரும் சேர்ந்தால் சாதாரணப் புத்தகம். தெருவில் யாரும் இதை அதிசயமாகப் பேசுவதில்லை. இருவருக்கும் இன்னும் பிள்ளையில்லை. ஜெயப்ரியா தென்னேரிக்குத் தாய்வீடு போகும் நாட்களில் சுகாசினி தரையிலேயே உட்கார்ந்து வாசித்துவிட்டு, பிள்ளை வரம் கேட்டு இருவர் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறாள். முதலில் ஜெயப்ரியாவின் பெயரைச் சொல்கிறாள்.