கப்பல்காரருக்குப் பத்து மீட்டர்

நடந்து போவதற்கு மட்டும் ஒரு மொழிக்கு எத்தனை வார்த்தைகள் வேண்டும்? போ, வா, நட. இந்த மூன்றும் இருந்தால் மனுஷன் பிழைத்துக்கொள்ளலாம் என்பது நடை டீச்சரின் கட்சி. ருஷ்யர்களுக்கு அது போதவில்லை. ஒரே பக்கமாகப் போனால் ஒன்று, போவதும் வருவதுமாக இருந்தால் இன்னொன்று, கிளம்பினால் ஒன்று, போய்ச் சேர்ந்தால் ஒன்று, விட்டுவிட்டுப் போனால் வேறொன்று. இத்தனையும் காலால் நடப்பதற்கு மட்டும். வண்டியில் ஏறிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து மாறுமாம். நாற்பத்தெட்டு வயதில், காலை பஸ்ஸில், காதில் போனை வைத்துக்கொண்டு இதை முணுமுணுக்க வேண்டும் என்று அவள் தலையில் எழுதியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பக்கவாத வார்டில் ஆட்களை எழுப்பி நடக்கவைப்பது அவள் வேலை. பிசியோ என்று போர்டில் இருந்தாலும் வார்டு முழுக்க அவளுக்கு நடை டீச்சர் என்றுதான் பெயர். இருபத்திரண்டு படுக்கை. இரண்டு பேர் பார்க்கவேண்டிய வேலை. இன்னொருத்தி பிரசவத்துக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. ஊரார் காலையெல்லாம் நேராக்கிவிட்டு, சாயங்காலம் தன் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிற பிழைப்பு.

நாலாம் படுக்கைக்காரர் கப்பல்காரர். துறைமுகத்தில் கப்பல் என்ஜின் பழுது பார்த்தவர், ருஷ்யர். முப்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறார். நம் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருநாள் காலை பல் துலக்கும்போது வாதம் அடித்தது. வலது காலோடு சேர்த்து அந்த முப்பது வருஷப் பேச்சையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது தாய்மொழி மட்டும். அதுவும் காதுக்குத்தான், வாய்க்கு வரவில்லை.

அவர் மனைவி நம் ஆள்தான். ருஷ்யாவில் படிக்கப் போன இடத்தில் சர்டிபிகேட்டோடு ஒரு புருஷனையும் வாங்கிக்கொண்டு வந்தவள். ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் காலை ஆறிலிருந்து மாலை நாலு வரை இஸ்திரி போடுகிறாள். பார்வையாளர் நேரம் ஐந்திலிருந்து ஆறு. நடைப்பயிற்சி மூன்று மணிக்கே முடிந்துவிடும். அதனால் தன் புருஷன் மறுபடி நடப்பதை அவள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

"டீச்சர், ஒரே பக்கமா போனா 'இதீத்யே'. சும்மா இங்கயும் அங்கயும் நடந்தா 'ஹதீத்யே'," என்று பஸ் ஸ்டாப்பில் நின்றபடி தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள் மனைவி.

"லிப்டுல போனா?"

"கேக்காதீங்க டீச்சர். எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு."

முதல் வாரம் நடந்த கூத்தைக் கேளுங்கள். 'ஹதீத்யே' என்று சொல்லவேண்டிய இடத்தில் டீச்சர் முன்னால் ஒரு 'உ'வைச் சேர்த்துவிட்டாள். 'கிளம்பு, வெளியே போ' என்று அர்த்தமாம். மனுஷர் கட்டிலில் உட்கார்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவர்தான், மறுநாள்வரை திரும்பவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

வீட்டில் குக்கருக்கும் மிக்சிக்கும் நடுவில் இதே பாட்டுத்தான். "ரஷ்யாக்காரன் எவன்கூடயாவது ஓடிப்போறதா இருந்தா, சாம்பாரை இறக்கி வச்சுட்டுப் போ," என்றார் கணவர்.

"ஓடுறதுக்கு வேற வார்த்தையாம். அது இன்னும் படிக்கல," என்றாள் அவள். சிரிக்கத் தெம்பு இல்லை.

இவ்வளவு அவசரம் எதற்கென்றால், வியாழக்கிழமை பரீட்சை. நடைக்கூடத்தில் தரையில் பத்து மீட்டருக்குக் கோடு போட்டிருக்கும். ஊன்றுகோல் வைத்துக்கொள்ளலாம். யாரும் தொடக்கூடாது, முன்னால் நிற்கக்கூடாது. கோட்டின் மறுமுனைக்குத் தானாக நடந்தால் வீடு. நடக்காவிட்டால் ஊருக்கு வெளியே நீண்டகாலப் பராமரிப்பு மையம். அங்கே ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பார்க்கவிடுவார்கள். அங்கே போனவர்கள் வீடு திரும்பி டீச்சர் பார்த்ததில்லை. மனைவி அதற்குள் வீட்டில் கைப்பிடி அடித்து, கட்டிலின் உயரத்தைக் குறைத்துவிட்டாள்.

கப்பல்காரர் நன்றாகவே நடந்தார். டீச்சர் அவர் முகத்துக்கு நேரே நின்று, இரண்டு கையையும் விரித்து, "இதீத்யே, இதீத்யே" என்று பின்பக்கமாகவே அடி எடுத்துவைப்பாள். அவர் அவள் வாயையும் கையையும் பார்த்துக்கொண்டே ஒவ்வோர் அடியாக வருவார். புதன்கிழமை பன்னிரண்டு மீட்டர். டீச்சருக்குக் குதிகால் இரண்டும் தீயாய் எரிந்தாலும் வயிறு குளிர்ந்தது.

வியாழக்கிழமை மனைவி லீவு போட்டுவிட்டு வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். தலைமை டாக்டர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். டீச்சர் ஓரமாக ஒதுங்கி, சுவரோடு நின்றாள்.

"இதீத்யே," என்றாள்.

கப்பல்காரர் எதிரே பார்த்தார். வெறும் கூடம். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். அவள் முகம் சுவரோரம் தெரிந்ததும் உடம்பைத் திருப்பிக்கொண்டு, கோட்டை விட்டுவிட்டு, நேராக அவளிடம் நடந்து வந்தார். மூன்று அடி. வந்து நின்று, அடுத்தது என்ன என்பதுபோல் அவள் வாயைப் பார்த்தார்.

இரண்டாம் தடவையும் அதே கதை.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் வாரம் ஆளுக்கு முன்னால் நிற்கவேண்டும், இரண்டாம் வாரம் பக்கத்துக்கு நகரவேண்டும், மூன்றாம் வாரம் முதுகுக்குப் பின்னால் போய்விடவேண்டும். இருபது வருஷமாக எல்லோருக்கும் அப்படித்தான் செய்தாள். இவருக்கு மட்டும், தன் ஓட்டை உச்சரிப்புக்கு உதடாவது தெரியட்டும் என்று, நாலு வாரமும் முன்னாலேயே நின்றுவிட்டாள். அவருக்கு நடக்கத் தெரியவில்லை. ஒரு முகத்தை நோக்கி வரத்தான் தெரியும். சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. வார்த்தையைப் பிடிக்கிற மும்முரத்தில் வேலையைக் கோட்டைவிட்டிருந்தாள்.

"கட்டளை புரியவில்லைன்னு எழுதட்டுமா?" என்றார் டாக்டர்.

"அவருக்குப் புரியுது சார். தப்பு என்னோடது." விஷயத்தைச் சொன்னாள். "இன்னும் ரெண்டு வாரம் குடுங்க."

"படுக்கை இல்லையேம்மா. நாளைக்கு அந்த இடத்துக்கு ஆள் வருது."

அவள் வெளியே போய் மனைவியிடமும் அதையே சொன்னாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

மனைவி கண்ணாடி வழியாகப் புருஷனைப் பார்த்தாள். "முன்னாடி ஒரு மூஞ்சி இருந்தா வருவாரா?" என்றாள்.

"வருவார்."

"அவ்வளவுதானே? என் மூஞ்சி இருக்கே."

"ஐயோ, ஒருநாள் ரெண்டு நாள் இல்லம்மா. பாத்ரூமுக்கு, சாப்பாட்டுக்கு, எல்லாத்துக்கும் பின்பக்கமா நடக்கணும். மாசக்கணக்கா ஆகலாம். உங்க வேலை?"

"ராத்திரி ஷிப்டுக்கு மாத்திக்கறேன். அவர் தூங்குற நேரம்."

"நீங்க எப்பத் தூங்குவீங்க?"

"நீங்க எப்பத் தூங்குறீங்க டீச்சர்?"

டீச்சர் திரும்பி உள்ளே நடந்தாள். டாக்டரிடம் போய் நின்றாள். தனியாக நடப்பவர் என்று எழுதமுடியாது என்றார் அவர். துணையோடு நடப்பவர் என்று ஒரு கட்டம் படிவத்தில் உண்டே என்றாள் அவள். துணை பகல் முழுக்க இருக்கவேண்டும், அதையும் இப்போதே கண்ணால் பார்க்கவேண்டும் என்றார் அவர்.

"செருப்பைக் கழட்டுங்க," என்றாள் டீச்சர் மனைவியிடம். "முதல்ல விரல், அப்புறம் குதி. திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க, நீங்க பாத்தா அவரும் பாப்பார். கை ரெண்டும் விரிச்சு வைங்க. தொடவேணாம்."

மனைவி அவர் எதிரே போய் நின்றாள். கை இரண்டையும் விரித்தாள். "இத்யோம் தமோய்," என்றாள். வா, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். பஸ்ஸிலும் சமையலறையிலும் நாலு வாரம் டீச்சர் நாக்குத் தள்ளத் தள்ளப் படித்தது, இவள் வாயில் மூச்சு விடுவதுபோல வந்தது.

கப்பல்காரர் ஊன்றுகோலை எடுத்து வைத்தார். வலது கால் இழுத்துக்கொண்டு வந்தது. மூன்று மீட்டர். ஐந்து. மனைவி பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தாள். கண்ணில் வழிவதைத் துடைக்கக் கையை மடக்கவில்லை. புருஷன் நடப்பதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

ஆறாவது மீட்டரில், கோட்டுக்குப் பக்கமாக நகர்ந்து டீச்சர் நின்றிருந்தாள். சற்று முன்பு அதே முகத்தைத் தேடிக் கோட்டை விட்டு வந்த மனுஷர், இப்போது கைக்கெட்டும் தூரத்தில் அவளைக் கடந்து, ஒரு பார்வைகூடப் பார்க்காமல், போய்க்கொண்டே இருந்தார்.