வெயில் இருந்தும் ஓடாத விசிறிகள்

அறிவுச்செல்வியின் கோழிப்பண்ணையில் மதியம் பன்னிரண்டே காலுக்குக் கரண்ட் போனது. விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பழுதான ஜெனரேட்டரைக் காயில் கட்டிச் சரிசெய்ய நாமக்கல்லுக்கு அனுப்பி இரண்டு நாளாகிறது. மே மாத வெயில். அரை மணி நேரத்தில் ஆறாயிரம் கோழிகளும் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக்கொண்டு மூச்சிரைத்தன.

"கொட்டாய் மேல அத்தனை சோலார் பலகை இருக்குதுங்களே அக்கா. ஒயரை நேரா விசிறிக்கு இழுத்து உட்டுடறனுங்க," என்றார் வேலையாள் வெள்ளியங்கிரி. ஏணியைச் சாய்த்தே விட்டார்.

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. ஆனாலும் அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு அண்ணன் கலையரசனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். மாலத்தீவில், ஒரு சின்னத் தீவின் சோலார் நிலையத்தில் அவனுக்கு வேலை.

"ஏறவே உடாத அம்மிணி. வெயில் இருந்தா பலகை ஒயர்ல எப்பவும் கரண்ட்டு இருக்கும், தொட்டா ஆளு போயிரும்."

"வெயில் இப்படிக் கொளுத்துது. அப்புறம் ஏண்ணா ஓட மாட்டேங்குது?"

"உன்ற பலகை ஊர் லைனோட சேர்ந்தது. லைன் நின்னா இன்வெர்ட்டரும் தானா நின்னுக்கும். இல்லீன்னா கரண்ட்டு லைன்ல போயி, கம்பத்துல ஏறுற ஆளு மேல பாஞ்சிரும். இங்க தீவுக்கு வெளி லைனே கெடையாது. எங்க பலகையும் பேட்டரியும் தனி." சட்டென்று நிறுத்தினான். "இங்க மேகம் கட்டிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கரண்ட்டு நிக்கக் கூடாது, டீசல் இன்ஜினைப் போடோணும். வெக்கறேன்."

முதல் வரிசையில் ஒரு கோழி கழுத்தை மடக்கிச் சாய்ந்தது. அடுத்து இன்னொன்று.

தனி. தோட்டத்துப் போர்வெல் மோட்டாரும் தனிதான். அதற்கு ஊர் லைனே இல்லை. மக்காச்சோளத்துக்குப் பாய்ச்ச, சொந்தப் பலகையிலேயே ஓடுவது.

"ஏணியை உடுங்க. இருக்கற தண்ணி ஓஸ் எல்லாத்தையும் எடுங்க," என்றாள்.

மூன்று ஓஸைச் சேர்த்தும் கொட்டகைக்கு எட்டவில்லை. சொட்டுநீர்க் குழாயைப் பிடுங்கி இணைத்தார்கள். மோட்டாரைப் போட்டதும் இணைப்பு பிய்த்துக்கொண்டது. அறிவுச்செல்வி அதைச் சைக்கிள் டியூபால் சுற்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி வெயிலில் உட்கார்ந்தாள். வெள்ளியங்கிரி கூரை மேலும் கூண்டுகள் மேலும் தண்ணீரை அடித்தார். சிமெண்டு கூரையிலிருந்து ஆவி கிளம்பியது. கரண்ட் வரும்போது மணி மூன்று. அதுவரை அவள் கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் கலையரசன் கூப்பிட்டான். "இங்க கரண்ட்டு ஒரு நிமிசங்கூட நிக்கல. அங்க எப்படி?"

"முந்நூறு போயிருச்சுண்ணா," என்றாள். போனைப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினாள்.

வெள்ளியங்கிரி போனை வாங்கிக்கொண்டார். "மிச்சமெல்லாம் தீனி எடுக்குதுங்க சாமி," என்றார்.