நாத்தனாரின் நாக்கு

நான் பல் டாக்டர். மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யும் தொழிலில் ஒரு வசதி உண்டு. உள்ளே என் நாக்கு என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. கடைவாய்ப் பல்லைக் குடையும்போதும் அது பாட்டுக்கு து-கு, து-கு, து-கு என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பேஷண்ட் மட்டும் திறந்த வாய் திறந்தபடியே என்னை ஒரு மாதிரி பார்த்தார். மந்திரம் போடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

விஷயம் இதுதான். எங்கள் பேண்டில் நான் டிரம்பெட். வரப்போகிற கச்சேரியில் ஒரு தனி வாசிப்பு இருந்தது. அதில் ஒரே ஸ்வரத்தை மழை மாதிரி பொழிய வேண்டும். பல்லுக்குப் பின்னால் நுனிநாக்கைத் தட்டித் தட்டி வெறும் 'து து து' என்று ஊதினால் அந்த வேகத்துக்கு நாக்கு மரத்துவிடும். அதனால் நுனிநாக்கால் 'து' என்று ஒரு தட்டு, அடிநாக்கால் 'கு' என்று ஒரு தட்டு. என் 'து' பிரமாதம். 'கு'தான் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வரும். 'கு'வை மட்டும் தனியாக ஊதிப் பழகு என்றார் பேண்டு மாஸ்டர். பழகினேன். சமையலறையில், சிக்னலில், குளிக்கும்போது. சாப்பிடும்போதுகூட நிறுத்த முடியாமல் புரையேறியது. யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டினார் கணவர். அவர் தங்கையாகத்தான் இருக்கும்.

அவர் தங்கை, அதாவது என் நாத்தனார், அதே பேண்டில் அதே டிரம்பெட். தனி வாசிப்பு எங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்கு. வியாழக்கிழமை இரண்டு பேரையும் கேட்டுவிட்டு மாஸ்டர் முடிவு சொல்வார். அவளுக்கு யாரும் து-கு சொல்லிக் கொடுக்கவில்லை. பேசுகிற வேகத்திலேயே ஊதுவாள், வந்துவிடும். எனக்கு வயிறு எரிந்தது. சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

புதன்கிழமை அவள் கிளினிக்குக்கு வந்து நின்றாள். முன்பல்லில் ஒரு மூலையைக் காணோம். டிரம்பெட் வால்வுக்கு விடும் எண்ணெய்ப் புட்டியின் மூடியைப் பல்லால் திறந்திருக்கிறாள். வேறு யாரிடமும் காட்ட மாட்டாளாம், அவள் நாக்கு எங்கே படும் என்று எனக்குத்தான் தெரியுமாம். நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

பல்லின் பின்பக்கம் துளி தடிமனாக விட்டால் போதும், நாக்கு தடுக்கிவிடும். அந்த நினைப்பு வரவே இல்லை என்றால் பொய். ஆனால் கை அதற்கு இடம் கொடுக்கவில்லை. பல்லைப் பழையபடி கட்டி, பின்பக்கத்தை வழுவழுவென்று தேய்த்து முடித்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று அவளைத் து-கு சொல்லச் சொல்லி, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். அடேயப்பா. நாக்கு அசைந்ததாகவே தெரியவில்லை. எனக்குத் தொண்டையில் போய் முட்டிக்கொண்டிருந்த 'கு', அவளுக்கு நன்றாக முன்னால் தள்ளி, ஒற்றி எடுத்த மாதிரி பட்டது. மூச்சு நடுவில் நிற்கவே இல்லை. எனக்கு ஆசை தாங்கவில்லை. மெதுவாகச் சொல், இன்னும் மெதுவாக, 'கு' எங்கே படுகிறது, மூச்சு எப்போது வருகிறது என்று நோண்டி நோண்டிக் கேட்டேன். இதையெல்லாம் யோசித்ததே இல்லை என்று முழித்தாள். யோசித்துச் சொல் என்றேன்.

வியாழக்கிழமை நான்தான் முதலில் வாசித்தேன். 'கு' முன்னால் பட்டது, மூச்சு ஓடியது, பொழிந்து தள்ளினேன். மாஸ்டர் தன்னை அறியாமல் எழுந்துவிட்டார். அடுத்து அவள். கொஞ்சம் வந்தது, சிக்கியது. மறுபடி ஆரம்பித்தாள். து, து, கு. நின்றுவிட்டாள். பேண்டே அவள் புதுப்பல்லைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. தனி வாசிப்பு எனக்கு என்றார் மாஸ்டர்.

அவளை டிரம்பெட்டும் கையுமாகக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். பல்லுக்குப் பின்னால் விரலை ஓட்டினேன். ஒரு பிசிறு இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. தேய்த்துச் சரிசெய்திருப்பேனே.

"பல்லுல ஒண்ணும் இல்ல அண்ணி," என்றாள். "நேத்துலேர்ந்து 'கு' எங்க படுதுன்னே பாத்துக்கிட்டிருக்கேன். நான் முன்னாடி எப்படிப் பண்ணிக்கிட்டிருந்தேன்? நீங்கதானே பாத்தீங்க, சொல்லுங்க."

அவள் பேசியதே நிதானமாக இருந்தது. படபடவென்று பொரிகிறவள், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். சொன்னால் இன்னும் யோசிப்பாள். யோசிக்காதே என்றால் அதையும் உட்கார்ந்து யோசிப்பாள். கருவிகள் இருக்கும் டிராயரை இழுத்தேன், சாத்தினேன், மறுபடி இழுத்தேன்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றேன். "உனக்கு எப்பவும் வந்ததே இல்ல. வேகமாப் பேசறதையே வாசிப்புன்னு நெனச்சுக்கிட்ட. உங்க வீட்டுல எல்லாருக்கும் வாய் மட்டும்தான்."

கடைசி வரி பல வருஷமாக உள்ளே கிடந்தது. அதனால்தான் அத்தனை சுத்தமாக வந்து விழுந்தது.

அவள் எழுந்தாள். யார் வீட்டைப் பற்றி யார் பேசுவது என்று ஆரம்பித்தாள். என் சமையல், எங்கள் கல்யாணத்தில் என் சித்தப்பா செய்த ரகளை, அவள் அண்ணன் துரும்பாக இளைத்துப் போனது, ஒன்று விடவில்லை. பாதியில் டிரம்பெட்டை எடுத்து, யாருக்கு வெறும் வாய் என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்று என் மூஞ்சிக்கு நேரே ஊதினாள். ஒரு தட்டு பிசகவில்லை. அலமாரிக் கதவு அதிர்ந்தது. வெளியே காத்திருந்தவர் வலிக்கிற கன்னத்தைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

ஊதி முடித்ததும், விட்ட இடத்திலிருந்து என் சித்தப்பாவைத் தொடர்ந்தாள். தனக்கு வந்துவிட்டது என்பதை அவள் கவனிக்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. இனி என் வாசல்படியை மிதிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்துகொண்டு போனாள்.

மாஸ்டருக்குப் போன் போட்டேன். இன்றைக்கே அவளை இன்னொரு தடவை கேளுங்கள், ஒரு கேள்வியும் கேட்காமல் வாசிக்க மட்டும் விடுங்கள் என்றேன். அப்படியென்றால் உன் கதி என்ன என்று கேட்டார். அந்தத் தனி வாசிப்பு எனக்கு வேண்டும், அப்போதும் வேண்டியிருந்தது.

"நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க மாஸ்டர்," என்றேன். "கச்சேரி முடியற வரைக்கும் அவ என்மேல கோவமாவே இருக்கட்டும்."