மூன்றாம் லிஃப்டுக்கு ஒரு சிவப்பு அட்டை

வேலை இல்லை என்று மின்னஞ்சல் வந்ததும் நான் துள்ளிக் குதித்தேன். பொய்யில்லை, சமையலறையில் கையில் கரண்டியோடு நிஜமாகவே குதித்தேன். வாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர், அன்று மதிய ஷிஃப்ட்.

"கிடைச்சிருச்சா?"

"இல்லைங்க! கிடைக்கல!"

"அப்புறம் எதுக்கு இந்த ஆட்டம்? மூளை கீளை குழம்பிடுச்சா?"

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். 'தங்கள் அனுபவம் இப்பதவிக்குத் தேவையானதைவிட மிக அதிகம் என்பதால் தங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை.' அதிகமாம்! பதினாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக எண்ணெயிலும் கிரீஸிலும் புரண்டிருக்கிறேன், இரண்டு சான்றிதழ் வைத்திருக்கிறேன், என் கை பட்ட ஒரு லிஃப்டும் இதுவரை யாரையும் கீழே தள்ளியதில்லை. அது அதிகமாகப் போய்விட்டதாம். கம்பெனி எங்கள் கிளையை மூடி ஏழு மாதம் ஆகிறது, இது எனக்கு எட்டாவது மறுப்பு. ஒருவர் வயதைச் சொன்னார். இன்னொருவர் "மெஷின் ரூமுக்கு ஏணியில ஏறுவீங்களாம்மா?" என்று கேட்டார். பதினாறு வருடம் பறந்து போனேன் என்றா நினைத்தார்? வயிறு எரிந்தது. ஆனாலும் அன்று காலையில் எரிச்சலைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கிவிட்டது. அதைத்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"உட்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்."

போன புதன்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூவுக்குப் போனேன். ஒன்பது மாடி, நான்கு லிஃப்ட், நோயாளிகளைப் பார்க்க ஆட்களை விடும் நேரம். மூன்றாம் லிஃப்டில் பதிமூன்று பேர் நெருக்கியடித்து ஏறினோம். ஆறாவது மாடியில் நின்றது, கதவு திறந்தது. நின்ற பிறகு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை, என் கால் கவனித்தது. பிரேக் பிடி தளர்ந்திருக்கிறது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்த லிஃப்டில் சிவப்பு அட்டையை மாட்டாமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. யாருடைய லிஃப்ட், யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். அதனால் வேறு என்ன இருக்கிறதோ இல்லையோ, எல்லோர் பையிலும் ஒரு சிவப்பு அட்டை இருக்கும். அன்றும் என் பையில் இருந்தது. நான் மாட்டவில்லை.

"எங்க லிஃப்ட்டெல்லாம் எப்படி இருக்குன்னு நினைக்கிறீங்க?" என்று கடைசியில் தலைமை இன்ஜினியர் கேட்டார். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க சார்" என்றேன். பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். வேலை வேண்டுமே!

அதிலிருந்து அந்த லிஃப்ட் நினைப்புதான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட நான்கு முறை எடுத்து நான்கு முறையும் வைத்துவிட்டேன். என் குரலைக் கண்டுபிடித்துவிட்டால் வரப்போகிற வேலையும் போய்விடுமே என்று பயம்.

என் வீட்டுக்காரர் ஷூவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தார்.

"அங்க ஆளுங்களை எத்தனை மணிக்கு உள்ள விடுவாங்க?"

"பன்னெண்டுக்கு."

"இப்ப பதினொண்ணரை. இன்ஜினியரம்மா, நின்னு பேச நேரமில்லை. வண்டியில ஏறு!"

அடேயப்பா, அந்த மனிதர் பஸ்ஸைக்கூட அப்படி ஓட்டியிருக்க மாட்டார். ஸ்கூட்டர் பின்னால் நான் வீட்டுச் செருப்போடு உட்கார்ந்திருக்கிறேன், மடியில் பை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இனி யார் என்னை என்ன செய்ய முடியும்? கொடுக்காத வேலையைப் பிடுங்க முடியுமா?

கீழ்த்தளத்தில் ஏற்கெனவே கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. மூன்றாம் லிஃப்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, 'ஓட்டாதே' என்று கொட்டை எழுத்தில் இருந்த அட்டையை பட்டன் மேல் மாட்டினேன். கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். காவலாளி ஓடி வந்தார்.

"யாரும்மா நீங்க? யாரைக் கேட்டு மாட்டினீங்க?"

"உங்க இன்ஜினியரைக் கூப்பிடுங்க. அவர் வர்ற வரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன்."

இன்ஜினியர் வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "ஓஹோ! வேலை கிடைக்கலைன்னு வந்து கலாட்டா பண்றீங்களா?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சுருக்கென்று தைத்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று எனக்குப் பயம் மட்டும் வரவே இல்லை.

"ஆமா சார், கிடைக்கல. அதனாலதான் வாயைத் திறக்கிறேன். இந்த லிஃப்ட்ல பிரேக் நழுவுது."

"போன மாசம் நானே பார்த்தேன். சரியா இருந்துச்சு."

"எத்தனை பேரை ஏத்திப் பார்த்தீங்க?"

"நானும் ஹெல்பரும்."

"ரெண்டு பேருக்கு அது ஒழுங்காத்தான் நிக்கும் சார். நெறைய ஏத்திப் பாருங்க. ஆளை வேணாம், ஈரத் துணியை ஏத்துங்க. நான் சொன்னது பொய்யா இருந்தா போலீஸைக் கூப்பிடுங்க, நானே வண்டி ஏறிக்கிறேன்."

அவர் முறைத்தார். கூட்டம் மொத்தமும் அவரையே பார்த்தது. வேறு வழியில்லாமல் சலவைப் பிரிவுக்கு ஆள் அனுப்பினார். இறங்கினால் தெரிய வேண்டுமே என்று லிஃப்டைக் காலியாக முதல் மாடிக்கு அனுப்பிவிட்டு நாங்களும் அங்கே போனோம். ஈரப் படுக்கை விரிப்புகள் நிறைந்த நான்கு தள்ளுவண்டிகளை உள்ளே ஏற்றி, எல்லோரையும் வெளியே நிறுத்தி, கதவைத் திறந்தபடியே வைத்தார்கள். நான் பையிலிருந்து நீளமான இரும்பு ஸ்கேலை எடுத்து, ஒரு முனை லிஃப்ட் தரையிலும் மறு முனை மாடித் தரையிலும் படும்படி குறுக்கே வைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஸ்கேல் படுத்துக் கிடந்தது. இன்ஜினியர் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "ஏய், சரியாத்தானே சொன்ன?" என்று காதோடு கேட்டார்.

ஸ்கேலின் உள் முனை சாய்ந்தது. முதலில் முடியளவு. அப்புறம் ஒரு விரல், இரண்டு விரல். லிஃப்ட் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு விரல் ஆனபோது ஸ்கேல் சறுக்கி உள்ளே 'டங்' என்று விழுந்தது.

"ஐயையோ!" என்றார் துணி தள்ளி வந்த அம்மா. "இதுலதான நான் தினமும் போறேன்!"

இன்ஜினியர் முகம் வெளிறிப்போனது. ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார், லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டார். கீழே இறங்கிப் போய், நான் மாட்டிய அட்டை விழாமல் அவரே இன்னொரு முடிச்சுப் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்க விஷயத்துல... அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள்..."

"தெரியும் சார். அதுக்காக நான் வரல."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே ஒரு மூலையில் நப்பாசை துளிர்த்தது உண்மை. அதுவும் கருகிப்போனது. போகட்டும். தெருவே கேட்கும்படி கத்த வேண்டும் போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வாசலில் ஒருவர் என்னை நிறுத்தினார். என் வயதுதான் இருக்கும், கழுத்தில் புத்தம்புது அடையாள அட்டை. அந்த வேலைக்கு எடுத்த ஆள் இவர்தான். எனக்கு 'இல்லை' என்று எழுதி அனுப்புவதற்குள் இவரைச் சேர்த்தே விட்டார்கள்.

"அக்கா, நான் சேர்ந்து மூணு நாள் ஆகுது" என்றார். குரல் அடங்கியிருந்தது. "முதல் நாளே என் காலுக்குத் தெரிஞ்சுபோச்சு." தோள்பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சிவப்பு அட்டை, கயிறுகூடப் பிரிக்காமல் இருந்தது. "வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். வீட்ல ரெண்டு பிள்ளைங்க."

எனக்கு வாயில் நன்றாக வந்தது. நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா என்று கேட்க நாக்கு துடித்தது. என்னை ஒதுக்கிவிட்டு இவரையா எடுத்தார்கள்! அப்போதுதான் உறைத்தது. எனக்கு 'வாருங்கள்' என்று மின்னஞ்சல் வந்திருந்தால் இன்று நான் எங்கே நின்றிருப்பேன்? இதே வாசலில், இதே புத்தம்புது அடையாள அட்டையோடு, இவரைப் போலவே வாயை மூடிக்கொண்டு.

"போன புதன்கிழமை இந்த லிஃப்ட்ல பதிமூணு பேரோட ஏறிப் போய், ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டு வந்தவ நான்" என்றேன். "எனக்கு வேலை கிடைக்கல. அதனால தப்பிச்சேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மீதி மூணு லிஃப்டையும் இன்னிக்கே பாரு தம்பி. ஈரத் துணியை ஏத்திப் பாரு."

"சரிக்கா" என்றவர், பையிலிருந்த அட்டையின் கயிற்றை அங்கேயே பிரிக்க ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பினார். "டிப்போவுக்கு நேரமாச்சு. நேரா வீடுதானே?"

"வழியில ஒரு கடையில நிறுத்துங்க. சிவப்பு அட்டை வாங்கணும், என்னோடது அங்க மாட்டிக் கிடக்கு."

"இப்ப என்ன அவசரம்?"

"திங்கட்கிழமை ஒன்பதாவது இன்டர்வியூ. ஏழு மாடி, ரெண்டு லிஃப்ட்."

"அங்கேயும் எதையாவது கண்டுபிடிச்சிட்டா?"

"உள்ள போறதுக்கு முன்னாடியே மாட்டிடுவேன்" என்றேன்.