பாதி வழியில் ஒரு பூட்டு

ஐந்து நாள் நடைப்பயணத்தில் சரிபாதி அந்த இரும்புக் கேட்டுதான். மூன்றாம் நாள் மத்தியானம் அங்கே வட்டமாக உட்கார்ந்து, இதுவரை நடந்ததில் என்ன கற்றுக்கொண்டோம் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டுமாம். அழைத்து வந்த சுஜித்தின் ஏற்பாடு அது.

மகாலட்சுமி பாத்திர மூட்டையை இறக்கிவிட்டு ஓரமாக நின்றாள். கீழ் கோத்தகிரிப் பக்கம் இருபத்தாறு வருசம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். இப்போது மாசம் இரண்டு தடவை இந்தக் கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சோறாக்கிப் போட்டு, மூட்டையும் சுமக்கிறாள்.

ஒருத்தர் மௌனத்தின் அருமையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். பிரீத்தி என்ற பெண், "பாரமெல்லாம் இறங்கின மாதிரி இருக்குங்க" என்றாள். இறங்காமல் என்ன? அவள் பை முந்தாநாளிலிருந்து மகாலட்சுமியின் முதுகில் அல்லவா இருக்கிறது!

"அக்கா, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க்கா" என்றான் சுஜித்.

மகாலட்சுமியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சொல்றனுங்க. இந்தக் கேட்டைத் தாண்டினா பஸ் ரோட்டுக்கு அரைமணி நேரம். எங்க லயத்து வீட்டு சனம் காலங்காலமா நடந்த வழிங்க இது. மூணு வருசம் முன்னாடி எஸ்டேட்காரங்க பூட்டிப் போட்டாங்க. போன ஆடியில எங்க ஊட்டுக்காரருக்கு மலைமேல நெஞ்சுவலி. கம்பளியை மூங்கில்ல கட்டி, அதுல அவரைப் போட்டுத் தூக்கிட்டு நாலு பேரு ஓடி வந்தோம். சாவி மேனேஜர்கிட்டங்களாம். மேனேஜர் லீவுங்களாம். வாட்ச்மேன்கிட்ட கெஞ்சிப் பாத்துட்டு ஆறு கிலோமீட்டர் சுத்திப் போனோம். ரோடு கண்ணுக்குத் தெரியற எடத்துல உசுரு போயிருச்சு. இன்னைக்கு உங்க மூட்டையையும் கூடாரத்தையும் தூக்கிட்டு வந்தா ராஜபாட்டையாத் தொறக்குது. நான் கத்துக்கிட்டது அதுதானுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். ஆமாம், கைதான் தட்டினார்கள்! பிரீத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப டச்சிங்கா இருந்துதுங்க்கா" என்றாள். அப்புறம் அதே கேட்டில் சாய்ந்து நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மகாலட்சுமி சுஜித்தைத் தனியாகப் பிடித்தாள்.

"தம்பி, மருமக இந்துவுக்கு எட்டு மாசம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேனேஜர் கேப்பாரு. கேட்டைச் சும்மா சாத்தி வெக்கச் சொல்லுங்க. பூட்ட வேண்டாம்."

"அதெல்லாம் எஸ்டேட் விசயம்க்கா. நாம தலையிட்டா நம்ம பர்மிஷனையும் நிறுத்திருவாங்க" என்று சொல்லிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு விசில் ஊதினான்.

செவிடன் காதில் ஊதிய சங்கு. இவர்களிடம் போய்க் கேட்டோமே என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கேட்டைத் திறந்துவிட்டு வாட்ச்மேன் சுப்பண்ணன் சாப்பிடப் போய்விடுவார். பூட்டு சங்கிலியில் தொங்கும். கடைசியாக வரும் சுமைக்காரி கேட்டைச் சாத்தி, பூட்டை அமுக்கிவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறு மாசமாக அந்தப் பாவத்தையும் மகாலட்சுமிதான் செய்துவந்தாள்.

இன்று கேட்டைச் சாத்தினாள், மாடு புகுந்துவிடக் கூடாதே என்று. பூட்டைக் கழற்றிச் சோற்றுக் குண்டானுக்குள் போட்டு மூடினாள். சுப்பண்ணனுக்குத் திட்டு விழும். விழட்டும். அன்றைக்குக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையைப் பிசைந்த மனுசன்தானே.

நாளைக்கே புதுப் பூட்டு வாங்கி மாட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? மாட்டட்டும். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். இன்னும் பதினைந்து நாளில் அடுத்த கூட்டம் வரும். அப்போதும் கடைசியாக வரப்போவது அவள்தான்.