ஏணி போடாத படகு

இருபது உயிருக்கு முதலில் கேட்ட விலை பத்து மூட்டை வெங்காயம். படிந்த விலை மூன்று மூட்டை, ஒரு கடிகாரம், ஒரு கல்யாண மோதிரம். மோதிரம் போனதுதான் நஷ்டம் என்று வெங்காயக்காரம்மா இன்றும் சொல்வாள்.

விடிகாலையில் செத்துப்போன புருஷனுக்கு மகள் சட்டை மாட்டுவதை இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை சொன்ன பேச்சு கேட்டது. இடது கை, உயிரோடு இருந்தபோது போலவே, மேலே வர மாட்டேன் என்றது.

“தையலைப் பிரிச்சுடலாமாம்மா?”

“புதுச் சட்டைடி. சொன்ன விலையைக் கொடுத்து வாங்கியிருக்கே, அதைக் கிழிக்க வேற செய்யணுமா? கழட்டு. முதல்ல இடது கையை விடணும். கல்யாணமான மறுவருஷத்துலேருந்து அப்படித்தான்.”

கூடத்தில் யாரோ பெருமையடித்துக்கொண்டிருந்தார். “பேரம்னா அவருதான்யா! சண்டை நடக்கிற நேரத்துல எதிரியோட காவல் படகையே பேசிப் பேசி நிக்க வெச்சவரு!”

வெங்காயக்காரம்மா சிரிப்பை மென்று விழுங்கினாள். இந்த மனுஷன் துடைப்பம் வாங்கப் போனால் கடைக்காரனே பாவப்பட்டு விலையைக் குறைப்பான்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு பழைய சிப்பாய் உள்ளே வந்தார். சண்டைக்காலத்தில் மீசைகூட முளைக்காத பையன். இப்போது தலை முழுக்க நரை. பிணத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. இடது தோளையே பார்த்தார். மகள் நாற்காலி எடுக்கப் போனாள்.

“அக்கா, கல்லறையில என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. நடந்ததை நடந்தபடி சொல்லிடப் போறேன். பேரம் பேசினது நீங்க. இத்தனை வருஷமா அவரு தன் பேருல சொல்லிக்கிட்டாரு. எனக்கு மனசு ஆறல.”

நடந்தது இதுதான். அக்கரைக்கு வெங்காயம் ஏற்றிப் போய்வரும் படகு என்பதால், புருஷன் பெண்டாட்டி இருவரோடும் அதைப் படையினர் கேட்டு வாங்கினார்கள். மூட்டைகளுக்கு அடியில் இருபது பேர். கரை நெருங்கியதும் காவல் படகு வந்து வலப்பக்கம் ஒட்டியது. விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பேரத்தைத் தொடங்கினாள். அதிகாரியின் பேராசையைத் திட்டினாள், அவன் அம்மாவின் உடம்பை விசாரித்தாள், அழுதாள், அழுகல் வெங்காயத்தை நல்ல வெங்காயம் என்று சத்தியம் செய்தாள். அதே நேரம் இருட்டான இடப்பக்கத்தில் சிப்பாய்கள் ஒவ்வொருவராக கூடவே கட்டி இழுத்துவந்த ரப்பர் படகுகளில் இறங்கினார்கள். கயிற்று ஏணி போட்டால் அதன் கட்டைகள் படகுப் பலகையில் இடிக்கும். சத்தம் கேட்டால் அத்தனை பேரும் காலி. அதனால் புருஷன் தண்ணீரில் இறங்கி, கயிற்றைப் பிடித்துத் தொங்கி, தோளைக் கொடுத்தார். இருபது ஜோடி பூட்ஸ். முக்கல் முனகல் இல்லை. கடைசி ஆள் இறங்கியபோது தோள் மூட்டு இடம் மாறியிருந்தது. கடிகாரத்தையும் தன் கல்யாண மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, மூன்று மூட்டைக்கு மேல் ஒரு வெங்காயம்கூடத் தர மாட்டேன் என்று அவள் அப்போதும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

“படிக்கட்டா இருந்தேன்னு நாலு பேர்கிட்டச் சொல்ல அவருக்குக் கூச்சம், தம்பி. வியாபாரிங்க ஊரு இது. பேரம் பேசினவனுக்குத்தான் மதிப்பு. அந்தப் பேரத்தை நான்தான் அவருக்குக் கொடுத்தேன். கொடுத்ததை இன்னைக்குத் திருப்பிக் கேக்கவா?”

“அதுக்காகப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“பொய் வேணாம். தோளைச் சொல்லு. நல்லா விஸ்தாரமாச் சொல்லு. பேரம் பேசின குரலை விட்டுடு.”

“பாதி உண்மை ஆச்சே அக்கா.”

“எந்தக் கடைக்காரன் மொத்தச் சரக்கையும் வாசல்ல அடுக்கறான்?”

“பேசினது யாருன்னு யாராவது கேட்டா?”

“நீ எங்க இருந்தே?”

“இடப்பக்கம். அவரு தோள் மேல.”

“பேசினவங்க மூஞ்சியைப் பாத்தியா?”

“பாக்கல.”

“அப்போ பாக்காததை ஏன் சொல்றே?”

அவர் முதல் முறையாகச் சிரித்தார். “அந்த அதிகாரி பாவம்க்கா.”

வாசற்படியில் மகள் நாற்காலியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நாற்காலியைச் சிப்பாய்க்குப் போட்டுவிட்டு வந்து, அப்பாவின் இடது கையை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். அம்மா சட்டைக் கையைக் குவித்துப் பிடித்தாள். இந்தத் தடவை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

பெட்டியில் தூக்கி வைத்த பிறகு தச்சன் மூடியை எடுத்தான்.

“மூடட்டுங்களா? எடுக்க வேண்டியது, போட வேண்டியது எதுவும் பாக்கியில்லையே?”

வெங்காயக்காரம்மா தன் விரலைப் பார்த்தாள். வருஷத்துக்கு ஒருமுறையாவது மோதிரம் வாங்கிவருகிறேன் என்று அவர் நகைக்கடைக்குக் கிளம்புவார். ‘நீங்க போனா அவன் அந்தக் காசுல மாடி கட்டிடுவான், நானே வரேன், விலை இறங்கட்டும்’ என்று அவள் பிடித்து உட்கார வைப்பாள். விலை இறங்கவே இல்லை.

குனிந்து, இடது தோளில் விழுந்திருந்த சட்டைச் சுருக்கத்தை ஒருமுறை நீவிவிட்டாள்.

“ஒரு மோதிரம் அவர் தரணும்,” என்றாள். “அது பாக்கியாவே இருக்கட்டும். நீ மூடுப்பா.”